ஏழு நாட்டுத் தண்ணி குடிச்சவன் மேல என்ன கோபம்?

போன வெள்ளிக்கிழமை ரூவியில் நண்பர் வீட்டில் மதியச் சாப்பாடு. மஸ்கட்டுக்கு வந்த இத்தனை வருஷத்தில் எங்கள் கூட்டம் பெரிதாக மாறவில்லை. கொழிஞ்சாம்பாறைக்காரர் ரெண்டு பேர், மறையூர்க்காரர் ஒருத்தர், தேவிகுளம் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பிறந்த அடியேன். எல்லோருக்கும் கேரளத்து ரேஷன் கார்டு, வீட்டில் பேசுவது தமிழ். கால்பந்து என்றால் மஞ்சள் சட்டை, கேரளா பிளாஸ்டர்ஸ். அதில் மட்டும் எங்களுக்குள் சண்டை கிடையாது.

பிரியாணி முடிந்து பாயசம் வரும் நேரத்தில் பேச்சு பழைய ஆட்டக்காரர்கள் பக்கம் போனது. நான் ஓக்பெச்சே பெயரைச் சொன்னேன். கொழிஞ்சாம்பாறை நண்பருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"அவனப் பத்திப் பேசாதீங்கண்ணா. ஒரே சீசன்ல ஓடிப் போனவனுங்க. காசு எங்க கெடைக்குதோ அங்க போறவன். ஏழு நாட்டுத் தண்ணி குடிச்சவனுக்கு விசுவாசம் எங்கிருந்துங்க வரும்?"

சொன்னவர் நல்ல மனிதர். துபாயில் ரெண்டு வருஷம், தோஹாவில் நாலு வருஷம், இப்போது மஸ்கட்டில் மூணாவது கம்பெனி! நான் சிரித்துவிட்டேன். அவருக்கு வருத்தம். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த 'விசுவாசம்' என்ற வார்த்தை என்னை விடவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் கணக்கு. பி.காம். படித்துவிட்டு பேங்கில் உட்கார்ந்திருப்பவனுக்கு வேறு எங்கே ஆரம்பிக்கத் தெரியும் :-)

பார்த்தலோமியூ ஓக்பெச்சே, நைஜீரியாவில் 1984ல் பிறந்தவர். 17 வயதில் 2002 உலகக் கோப்பையில் நாட்டுக்காக ஆடியவர். பாரிஸ் செயின்ட் ஜெர்மைனில், ரொனால்டினோ இருந்த காலத்தில், முன்கள வீரராகத் தொடங்கினார். அங்கே நிலைக்க முடியவில்லை. பாஸ்டியா, மெட்ஸ் என்று கடனுக்கு அனுப்பினார்கள். (ஆமாம், கால்பந்தில் ஆளையே கடனுக்குக் கொடுப்பார்கள். பேங்கில் கூட நாங்கள் அதைச் செய்வதில்லை.) பிறகு அமீரகம், ஸ்பெயின், கிரீஸ், இங்கிலாந்தில் மிடில்ஸ்பரோ, நெதர்லாந்து. கடைசியில் 2018ல் இந்தியா. பிரான்ஸையும் சேர்த்தால் நண்பர் சொன்ன ஏழு நாடு சரியாக வருகிறது.

இந்தியாவுக்கு வரும்போது வயது ஏறக்குறைய 34. அந்த வயதில் முன்கள ஆட்டக்காரனைப் பாதிப் பேர் கழித்துக்கட்டி விடுவார்கள். அவர் ஐ.எஸ்.எல்.லில் என்ன செய்தார்? நார்த் ஈஸ்ட் யுனைடெட்டுக்கு 12 கோல். 2019-20ல் நம் பிளாஸ்டர்ஸுக்கு 16 ஆட்டத்தில் 15 கோல். மும்பை சிட்டிக்கு 8, கோப்பையும் அவர்களுக்கே. ஹைதராபாத்துக்கு முதல் சீசனில் 18, அடுத்ததில் 10. கூட்டிப் பாருங்கள், 63. அந்தப் போட்டியின் வரலாற்றில் அதுவே முதலிடமாக இருந்தது, 2024-25 சீசனில் சுனில் சேத்ரி தாண்டும் வரை.

அந்த 15 கோல் சீசனில் பிளாஸ்டர்ஸ் எத்தனையாவது இடம்? ஏழாவது. கேப்டனாக நின்று ஆட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் கோல் போட்டவர் மேல் நமக்குக் கோபம். பின்வரிசையை ஓட்டையாக விட்ட நிர்வாகம் நம் ஞாபகத்திலேயே இல்லை! 2022 மார்ச்சில் ஃபடோர்டா இறுதி ஆட்டத்தில் ஹைதராபாத்திடம் பெனால்டியில் தோற்றபோது, எதிர் அணியில் அவர் இருந்ததைத்தான் துரோகம் என்றார்கள். சீசன் முடிந்தது, போனார். பாதியில் விட்டுவிட்டு ஓடவில்லை. இதற்குப் பெயர் துரோகம் என்றால், நோட்டீஸ் பீரியட் முடித்து ரிலீஸ் வாங்கி அடுத்த கம்பெனிக்குப் போன நாம் எல்லோரும் துரோகிகள்தான்.

விசுவாசம் என்ற வார்த்தையை யார் யாரிடம் கேட்கிறார்கள் என்று கொஞ்சம் பாருங்கள். ஓடுகிறவனிடம் மட்டும்தான் கேட்கிறார்கள். மைதானத்தின் சொந்தக்காரனிடம் யாரும் கேட்பதில்லை.

பெல்ஜியத்தில் ழான் மார்க் போஸ்மன் என்று ஒரு ஆட்டக்காரர். 1990ல் லீஜ் கிளப்புடன் அவர் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. பிரான்ஸில் டன்கர்க் அணிக்குப் போக விரும்பினார். ஒப்பந்தமே இல்லாத ஆளுக்கும் பணம் கொடுத்தால்தான் விடுவோம் என்று பழைய கிளப் மறித்தது. அவர் கோர்ட்டுக்குப் போனார். 1995 டிசம்பர் 15ல் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் அவர் ஆட்ட வாழ்க்கை ஏறக்குறைய முடிந்தே போயிற்று. அவர் கட்டிய விலையில்தான் ஓக்பெச்சே போன்றவர்கள் சுதந்திரமாக நாடு மாறுகிறார்கள்.

இது நமக்குப் புதுக் கதையா? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது தெரியுமா? தொழிலாளி கங்காணிக்குப் பட்ட கடனை எழுதிய சீட்டு. வேறு தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆள் நகர முடியும். 1921ல்தான் அதை ஒழித்தார்கள். நம் சொந்தக்காரர்கள் மூணாறுக்கும் போனார்கள், கண்டிக்கும் போனார்கள். ஆளைக் கடனோடு கட்டிப் போடுவதை நேரில் பார்த்த சனத்தின் பேரப்பிள்ளைகள், இன்று ஏர்கண்டிஷன் ரூமில் உட்கார்ந்து 'ஏன் ஒரே இடத்தில் இருக்கவில்லை' என்று கேட்கிறோம்.

சரி, ஒரே கிளப்பில் இருந்தால் கிளப் பதிலுக்கு என்ன தரும்? 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். அடுத்த சீசனை நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. தன் முதல் அணி வீரர்கள், ஊழியர்கள் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தது. சென்னையின் எஃப்.சி.யும் அதே வழி. 2013லேயே பெங்களூருவில் சேர்ந்து, அந்த கிளப்பின் முகமாகவே ஆகிப் போன சேத்ரி அப்போது அந்த அணியில்தான் இருந்தார். விசுவாசத்துக்கு வட்டி என்ன கிடைத்தது பார்த்தீர்களா? கிளப்புகளுக்கும் நெருக்கடி இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் நெருக்கடி வந்தால் கையை விரிக்கும் உரிமை முதலாளிக்கு உண்டு, கிளம்பிப் போகும் உரிமை ஆட்டக்காரனுக்குக் கிடையாது என்பது எந்த ஊர் நியாயம்?

உலகம் முழுக்க இதே கதைதான். ஆட்டக்காரர்கள் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2016ல் 54 நாடுகளில் ஏறக்குறைய 14,000 பேரைக் கேட்டு ஒரு அறிக்கை வெளியிட்டது. நூற்றுக்கு 41 பேருக்குச் சம்பளம் தாமதமாகியிருந்தது. நூற்றுக்கு 45 பேர் மாதம் 1,000 டாலருக்கும் கீழே வாங்கினார்கள். டிவியில் பார்க்கும் கோடிக்கணக்கு எல்லாம் மேலே இருக்கும் நாலு பேருக்கு. மீதிப் பேர் சூட்கேஸும் பூட்ஸுமாக அலைகிறவர்கள்.

இனி நண்பர் சொன்ன இன்னொரு விஷயம். "வெளிநாட்டுக்காரன் முன்னாடி நிக்கறதாலதாங்க நம்ம பசங்களுக்கு இடமில்ல." இதில் உண்மை இருக்கிறது. கோல் போடும் இடத்தை கிளப்புகள் பெரும்பாலும் வெளிநாட்டு ஆளுக்கே கொடுத்தன. அதனால்தான் சேத்ரிக்குப் பிறகு யார் என்று தேசிய அணி தேடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்த வாக்கியத்தை நாம் வேறு எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? ஓமானியருக்கு மட்டும் என்று ஒவ்வொரு வேலையாக லிஸ்ட் வரும்போது, இங்கே உள்ளூர் இளைஞன் கேட்பதும் இதையேதான். அவன் கேட்பது நியாயம் என்று எனக்குத் தெரியும். அதற்காக அவன் என் மேல் கல்லெறிந்தால் அது நியாயமாகுமா? விதியை மாற்றுங்கள், பிள்ளைகளுக்கு மைதானமும் கோச்சும் கொடுங்கள். பிழைக்க வந்தவனைத் திட்டி ஒரு சேத்ரியும் உருவாக மாட்டான்.

கல்லெறிவது என்று சும்மா சொல்லவில்லை. மலப்புறத்திலும் பாலக்காட்டிலும் செவன்ஸ் ஆட்டம் நடக்கும் இடங்கள் உங்களுக்குத் தெரியும். அறுத்த வயலில் கேலரி கட்டி, ராத்திரி லைட் போட்டு, நைஜீரியாவிலிருந்தும் கானாவிலிருந்தும் ஐவரி கோஸ்ட்டிலிருந்தும் ஆட்டக்காரர்களைக் கூட்டி வருகிறார்கள். எந்த நாட்டுக்காரன் என்றாலும் கூட்டத்துக்கு அவன் 'சுடானி'. 2024 மார்ச்சில் அரீக்கோடு பக்கம் ஐவரி கோஸ்ட் வீரர் ஒருவரைக் கூட்டம் துரத்தித் துரத்தி அடித்தது. நிறத்தைச் சொல்லித் திட்டினார்கள், கல்லெறிந்தார்கள் என்று அவர் போலீஸில் புகார் கொடுத்தார். அவர்தான் முதலில் பார்வையாளரைத் தாக்கினார் என்றது எதிர்த்தரப்பு. அப்படியே இருக்கட்டும். ஒரு ஆளை ஊரே சேர்ந்து அடிக்க அது காரணமா?

அந்த வீடியோவைப் பார்த்தபோது எனக்கு 2011 டிசம்பர் ஞாபகம் வந்தது. முல்லைப் பெரியாறு பிரச்சினையில் உடும்பஞ்சோலை பக்கத்து ஏலத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் பிள்ளைகுட்டிகளோடு தேனிப் பக்கம் இறங்கி ஓடினார்கள். 'பாண்டி' என்ற சொல்லை வாங்காமல் வளர்ந்த எஸ்டேட் பிள்ளை யாராவது இதைப் படிக்கிறீர்களா? அவனுக்குச் 'சுடானி', நமக்குப் 'பாண்டி'. ரெண்டும் ஒரே வாயிலிருந்துதான் வருகிறது.

எங்கள் அப்பாவும் பந்து விளையாடியவர்தான். மூணாறில் ஃபின்லே ஷீல்டு என்றால் எஸ்டேட் எஸ்டேட்டாக அணி இறங்கும், மலை முழுக்கத் திருவிழா. அப்பா ஒரே எஸ்டேட்டுக்கு வேலை பார்த்தார், ஒரே எஸ்டேட்டுக்கு ஆடினார், எங்கேயும் போகவில்லை. அவரை விட விசுவாசி யார்? ஓய்வு பெற்றதும் லைன் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தார். அது விதி, குடும்பத்தில் யாரும் வேலையில் இல்லை என்றால் வீடு இல்லை. அன்றைக்கு அவர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "நீயாச்சும் எங்க நல்லாருக்கோ அங்க போயிருப்பா." போனேன். சித்தூரில் மாமா வீட்டில் தங்கி பி.காம்., பிறகு கொச்சி, பம்பாய், இங்கே. அப்பா சொன்னதை ஓக்பெச்சே செய்தால் காசாசை, நான் செய்தால் முன்னேற்றமா?

ஒரு ரசிகனாக எனக்கும் வலித்தது, ஒளிக்கவில்லை. அடுத்த சீசனில் அவரை வேறு சட்டையில் பார்த்தபோது டிவியை அணைத்தவன் நான். பாசம் இருந்தால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் என் வலி அவருடைய குற்றம் ஆகாது.

ஆகவே கொழிஞ்சாம்பாறை நண்பருக்கும், இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரே வேண்டுகோள். அடுத்த வருஷம் லீவில் ஊருக்குப் போய் செவன்ஸ் பார்க்கப் போவீர்கள். நம்மில் சிலர் அங்கே அணிக்குப் பணமும் கொடுக்கிறோம். கொடுப்பவர்கள் மூணு கேள்வி கேளுங்கள். அந்த வெளிநாட்டுப் பையனுக்கு எழுத்தில் ஒப்பந்தம் உண்டா? சம்பளம் சொன்ன தேதியில் போகிறதா? காலில் அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது? நம் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது ஏஜென்ட்டிடம் நாம் கேட்கும் அதே மூணு கேள்விகள்தான். பதில் இல்லாத அணிக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

விசுவாசத்தை அதற்கப்புறம் பேசலாம்.

பி.கு.: நண்பர் நேற்று போன் செய்தார். நாலாவது கம்பெனியிலிருந்து ஆஃபர் வந்திருக்கிறதாம், போகலாமா என்று கேட்டார். "தாராளமாப் போங்க, கோல் போடுங்க" என்றேன். வெகுநேரம் சிரித்தார்.