கேள்வி – பதில்: நெல் வயல் கொசுவுக்கு மருந்து அடிக்கலாமா?

கேள்வி: நடவு முடிந்து மூன்று வாரம் ஆகிறது. பொழுது சாய்ந்ததும் மாட்டுத் தொழுவத்தில் கொசு மொய்க்கிறது. வயலுக்குப் பூச்சிமருந்து தெளிக்கலாமா?
– வாசகர், மேலூர் வட்டாரம்

பதில்: தெளிக்க வேண்டாம். தொழுவத்தில் மொய்ப்பது பெரும்பாலும் க்யூலெக்ஸ் விஷ்ணுயி, க்யூலெக்ஸ் ட்ரைடீனியோரிங்கஸ் வகைக் கொசுக்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டுத் தொட்டியில் வளர்ந்து பகலில் கடிக்கும். இவை வயல் நீரில் வளர்ந்து இரவில் கடிப்பவை. பகலில் புல், புதர், பயிருக்குள் தங்கும்.

பயிர் சிறியதாக இருந்து வெயில் நீரில் படும் நாட்களில் இவை அதிகம் பெருகும். முட்டை கொசுவாக நம் வெப்பத்தில் 7 முதல் 10 நாள் போதும். அத்தனை நாள் நீர் இடைவிடாமல் நின்றால்தான் புழு பிழைக்கும்.

இவை ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பக்கூடியவை. நம் நாட்டில் இந்நோய் முதலில் 1955இல் வேலூர்ப் பகுதியில் அறியப்பட்டது. கிருமி பன்றியிடமும் கொக்கு இனங்களிடமும் பெருகுகிறது. மாட்டிலிருந்து கொசுவுக்குத் தொற்றுவதில்லை.

செய்ய வேண்டியவை:

1. நாற்று வேர்பிடித்த பின் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுங்கள். நீர் மறைந்து மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரிந்ததும் அடுத்த நீர் விடலாம். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடாதீர்கள்.

2. காலடிக் குழியிலும் வரப்போரப் பள்ளத்திலும் தங்கும் நீரே புழுவுக்குப் போதும். நிலத்தைச் சமன் செய்யுங்கள்.

3. யூரியா இட்டபின் வயலில் கொசுப்புழு கூடுவதை மதுரையில் இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தினர் கண்டுள்ளனர். வேப்பம் பிண்ணாக்கு கலந்த யூரியாவையும் வயலில் சோதித்தனர், புழு குறைந்தது. யூரியா, ஜிப்சம், வேப்பம் பிண்ணாக்கை 5:4:1 விகிதத்தில் கலந்து, ஓர் இரவு வைத்திருந்து இடுங்கள்.

4. தட்டான் குஞ்சும் நீர்வண்டும் கொசுப்புழுவைத் தின்னும். பூச்சிமருந்து முதலில் கொல்வது இவற்றைத்தான்.

ஒருவர் வயல் மட்டும் காய்ந்து பயனில்லை. இக்கொசு ஒரு கிலோமீட்டருக்கு மேலும் பறக்கும். ஒரே மடையில் பாசனம் பெறுவோர் கூடிப் பேசி, முறை வைத்து நீர் கட்டினால்தான் பலன்.

குழந்தைகளைக் கொசுவலைக்குள் தூங்க வையுங்கள். தடுப்பூசி பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கடும் காய்ச்சலோடு வாந்தி, வலிப்பு, மயக்கம் கண்டால் அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்லுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.