சாவி காப்பவர் அழைத்தால் களவாகுமா?

நரிக்குடி, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. பிழைப்பு நாடி வெளியூர் செல்வோர், அண்டை வீட்டாரிடமோ உறவினரிடமோ சாவியைத் தந்து, 'வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்' எனச் சொல்லிப் புறப்படுவது இங்கு வழக்கம். சாவி பெற்றவர் தம் நண்பனை அவ்வீட்டினுள் அழைக்கிறார், அவனும் நுழைகிறான். செய்தியறிந்து வீட்டுக்காரர் சினந்தால், அந்நண்பன் கன்னமிட்ட கள்வன் ஆவானா?

சாவி காப்பவருக்கு வீட்டின்மீது உரிமை இல்லை என்பது முதலில் தெளிய வேண்டுவது. எத்தனை ஆண்டுகள் காத்திருந்தாலும் காவலுக்கு வைக்கப்பட்டவர் வீட்டில் உரிமை பெறார் என்று, கோவாவிலிருந்து வந்த வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் 2012ஆம் ஆண்டு கூறியது. தமக்கில்லாத உரிமையை அவர் நண்பனுக்கு வழங்குதல் எங்ஙனம்?

எனினும், உரிமையின்றி நுழைந்தோரெல்லாம் கள்வராகிவிடுவதில்லை. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் வகுத்த நெறியே, 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடர்கிறது. குற்றம் புரியவோ, அச்சுறுத்தவோ, இழிவுபடுத்தவோ, தொல்லை தரவோ எண்ணி நுழைவதே குற்றமாகும் அத்துமீறல். அவ்வெண்ணம் இருப்பின், வீட்டுக்காரர் தொலைத்த சாவியால் திறந்து நுழைவதும் வீட்டை உடைத்தலே எனச் சட்டம் எடுத்துக்காட்டுகிறது. கணவனின் பொருளை மனைவி ஈகிறாள்; ஈயும் அதிகாரம் அவளுக்கு உண்டென எண்ணிப் பெற்ற இரவலன் திருடனல்லன் என்பதும் அச்சட்டத்தின் எடுத்துக்காட்டே.

டேராடூனில் ஒருவர் தம் வீட்டை ஓர் அமைப்புக்குத் தானமளித்து, ஆயுள்வரை அதில் வாழும் உரிமையை மட்டும் வைத்துக்கொண்டார். அவருடன் வந்து தங்கிய பெண்மணி, அவர் மறைந்தபின்னும் வெளியேறவில்லை. தீய எண்ணம் காட்டப்படாமையால் அது குற்றவியல் அத்துமீறலன்று என உச்சநீதிமன்றம் தீர்த்தது. அத்தீர்ப்பு 1983இன் தீர்ப்புத் தொகுதியில் இடம்பெற்றுள்ளது. இதற்கு மறுபக்கமும் உண்டு. இங்கிலாந்தில், தந்தையின் வீட்டிற்குள் எந்நேரமும் செல்ல இசைவு பெற்றிருந்த மகன், நண்பனுடன் சென்று இரு தொலைக்காட்சிப் பெட்டிகளைக் கவர்ந்தான். இசைவின் எல்லை கடந்தமையால் இருவர் செயலும் கன்னக்களவே என 1976இல் முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது.

ஆகவே, அழைப்பு மட்டும் ஒருவனைக் காப்பதுமில்லை. உரிமையற்றவர் அழைத்தார் என்பது மட்டும் அவனைக் கள்வனாக்குவதுமில்லை. நுழைந்தவன் நெஞ்சே அளவுகோல். கள்ளாமை அதிகாரத்தில் வள்ளுவர் களவை எண்ணத்திலேயே கண்டதும் இதனாலன்றோ!

இதனை வலியுறுத்தக் காரணமுண்டு. நம் மக்கள் கைரேகைச் சட்டம் என அழைத்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1947இல் சென்னை மாகாணத்தில் நீக்கப்படும்வரை, தென்மாவட்டங்களில் பல சமூகத்தாரைச் செயலை நோக்காது பிறப்பை நோக்கியே குற்றவாளிகளாக்கியது. அத்துயரம் கண்ட மண்ணில், நண்பன் அழைக்க நம்பி நுழைந்த இளைஞனை விசாரியாது 'திருடன்' என்பது தகுமா? அப்பெயர் ஒருமுறை ஒட்டினால் வேலையும் திருமணமும் எட்டாக்கனியாகும்.

சாவி பெற்றவர்க்கும் கடமை உண்டு. சாவி கையில் உள்ள வீடுகளில் உண்பது குற்றமன்று எனத் திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் இசைகிறது. ஆளில்லா வீட்டில் அனுமதி கிடைக்கும்வரை நுழையாதிருக்கவும் அதே அத்தியாயம் பணிக்கிறது. சாவி என்பது அமானிதம். அதனை ஒப்படைப்போர் யார் வரலாம், யார் வரலாகாது என்பதையும் வாய்விட்டுச் சொல்லிச் செல்வாராக. அச்சிறு சொல், வீட்டையும் காக்கும். ஓர் இளைஞனின் பெயரையும் காக்கும்.