நாணயத்தைச் சுண்டி முடிக்கப்பட்ட இறுதியாட்டம்: சங்கத்தின் கண்டன அறிக்கை

டாக்கா கமலாபூர் மைதானத்தில் 2024 பிப்ரவரி 8ஆம் தேதி நடந்த சாஃப் (தெற்காசியக் கால்பந்துக் கூட்டமைப்பு) 19 வயதுக்குட்பட்டோர் மகளிர் கால்பந்து இறுதியாட்டத்தை, விதிப்படி முடிக்க வழி இருந்தும், நாணயத்தைச் சுண்டி முடிக்க உத்தரவிட்ட ஆட்ட ஆணையரின் செயலை எங்கள் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. அந்தத் தவறைச் சமாளிக்க அன்றிரவு அடுத்தடுத்து எடுக்கப்பட்ட முடிவுகளையும் கண்டிக்கிறோம். வீராங்கனைகளும் பயிற்சியாளர்களும் நடுவர்களும் சேர்ந்து நடத்தும் சங்கம் இது. எங்களுக்கு இந்தியா, வங்கதேசம் என்ற பக்கம் இல்லை. அன்று களத்தில் நின்ற இரண்டு அணிப் பெண்களின் பக்கம் நின்றே இதை எழுதுகிறோம்.

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் ஆளுக்கொரு கதை உலவுகிறது. எட்டாவது நிமிடத்திலேயே சிபானி தேவி கோல் அடித்து இந்தியாவுக்கு முன்னிலை தந்தார். அதன்பின் ஆட்டம் முழுக்க வங்கதேசம் துரத்திக்கொண்டே இருந்தது. தொண்ணூறு நிமிடம் முடிந்து, இழந்த நேரத்துக்கான கூடுதல் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தபோது சாகரிகா கோல் போட்டுச் சமன் செய்தார். பெனால்டி ஷூட் அவுட். ஐந்து ஐந்து உதைகளில் முடியவில்லை. ஆறு, ஏழு, எட்டு என்று நீண்டு, கடைசியில் இரண்டு அணிகளின் கோல் கீப்பர்களும் வந்து உதைத்தார்கள். அவர்களும் கோல் அடித்தார்கள். இருபத்திரண்டு உதை, இருபத்திரண்டு கோல். 11-11. ஒருத்திகூடத் தவறவிடவில்லை.

அடுத்த சுற்று உதைகளைத் தொடங்க வேண்டிய நடுவரை ஆட்ட ஆணையர் நிறுத்தினார். டாஸ் போட்டு வெற்றியாளரை முடிவு செய்யச் சொன்னார். டாஸில் இந்தியா வென்றது, அந்தப் பெண்கள் கொண்டாடத் தொடங்கினார்கள். வங்கதேச அணி ஏற்க மறுத்து மைதானத்தை விட்டு நகரவில்லை. பார்வையாளர் பகுதியிலிருந்து கூச்சல், பாட்டில் வீச்சு. பிறகு ஆணையர் தன் முடிவைத் தானே திரும்பப் பெற்று, ஷூட் அவுட் தொடரும் என்றார். வெளியேறிவிட்ட இந்திய அணி திரும்பி வரவில்லை. நீண்ட இழுபறிக்குப் பின், இரு அணிகளும் கூட்டாகச் சாம்பியன் என்று அறிவித்தார்கள்.

இதில் கண்டனத்துக்குரியவர்கள் யார் என்பதில் எங்களுக்குக் குழப்பம் இல்லை. பந்தை உதைத்தவர்கள் யாரும் அல்ல.

கால்பந்தின் பத்தாவது விதி வளைவு நெளிவு இல்லாமல் எழுதப்பட்டது. அணியில் தகுதியுள்ள எல்லோரும் ஒருமுறை உதைத்து முடித்தும் சமநிலை நீடித்தால், அதே வீராங்கனைகள் இரண்டாம் முறை உதைக்க வேண்டும். வரிசையை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம். ஒரு சுற்றில் ஒருத்தி போட்டு மற்றொருத்தி தவறவிடும் வரை அது தொடரும். ஷூட் அவுட்டில் டாஸுக்கு இருக்கும் வேலை, எந்தப் பக்கக் கோலில் உதைப்பது, யார் முதலில் உதைப்பது என்று தொடக்கத்தில் தீர்மானிப்பது மட்டும்தான். மாவட்ட அளவில் நடுவர் தேர்வு எழுதும் பிள்ளைகூட இதைப் படித்துவிட்டுத்தான் விசிலைக் கையில் எடுக்கிறாள். தெற்காசிய இறுதியாட்டத்தின் மேசையில் உட்கார்ந்திருந்தவருக்கு இது தெரியவில்லை, அல்லது தெரிந்தும் அவசரப்பட்டார். இரண்டில் எதுவானாலும் அந்த நாற்காலிக்கு அவர் தகுதியானவர் அல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். களத்தில் விதியை நடைமுறைப்படுத்தும் முழு அதிகாரம் நடுவருக்கே என்கிறது ஐந்தாவது விதி. ஆட்ட ஆணையர் என்பவர் போட்டி நடத்துவோரின் பிரதிநிதி. ஏற்பாடு, பாதுகாப்பு, ஒழுங்கு, அறிக்கை இவைதான் அவர் பொறுப்பு. ஆட்டத்தை எப்படி முடிப்பது என்று நடுவருக்குக் கட்டளையிடும் இடம் அவருடையது இல்லை. நடுவரும் அந்தக் கட்டளைக்கு இணங்கியிருக்கக் கூடாது. எங்கள் சங்கத்தில் இருக்கும் பெண் நடுவர்கள் இந்த வரியைச் சேர்க்கச் சொல்லி வற்புறுத்தினார்கள். மேலிருந்து வரும் அழுத்தத்தை எதிர்த்து நிற்பது எவ்வளவு கடினம் என்பதை அனுபவத்தில் அறிந்தவர்கள் அவர்கள். அறிந்துதான் சொல்கிறார்கள்.

நாணயம் கால்பந்துக்குப் புதிதல்ல. 1968இல் நேப்பிள்ஸ் நகரில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப் அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் ஒன்றியமும் கோல் இல்லாமல் சமனாக, டாஸ் போட்டுத்தான் இத்தாலியை இறுதிக்கு அனுப்பினார்கள். அதே ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக் காலிறுதியில் இஸ்ரேல் அணி சீட்டுக் குலுக்கலில் பல்கேரியாவிடம் வெளியேறியது. உழைத்து ஆடியவர்களை இப்படி அதிர்ஷ்டத்திடம் ஒப்படைப்பது அநியாயம் என்ற குரல் எழுந்ததால்தான் 1970இல் பெனால்டி முறை விதியில் ஏறியது. உலகம் அரை நூற்றாண்டுக்கு முன் தூக்கியெறிந்த ஒன்றை 19 வயதுக்குட்பட்ட பெண்களின் முன்னால் மறுபடி எடுத்து நீட்டியிருக்கிறார்கள்.

நீண்டுகொண்டே போகும் ஷூட் அவுட்டுக்கு முன்மாதிரி இல்லை என்றும் யாரும் சொல்ல முடியாது. 2006 ஆப்பிரிக்கக் கோப்பைக் காலிறுதியில் கேமரூனும் ஐவரி கோஸ்டும் பதினொரு பேரும் உதைத்து முடித்து இரண்டாம் சுற்றுக்குப் போயின. முதல் உதையில் கோல் போட்ட சாமுவேல் எட்டோ இரண்டாம் முறை தவறவிட, 12-11 என்று ஐவரி கோஸ்ட் வென்றது. 2021 ஐரோப்பா லீக் இறுதியில் வில்லாரியலும் மான்செஸ்டர் யுனைடெட்டும் கோல் கீப்பர்கள் வரை வந்தன. 22ஆவது உதையை யுனைடெட் கோல் கீப்பர் டேவிட் டி கியா தவறவிட்டதால் 11-10இல் முடிந்தது. அவர் அதைப் போட்டிருந்தால் அங்கே யாரும் நாணயத்தைத் தேடியிருக்க மாட்டார்கள். இரண்டாம் சுற்று தொடங்கியிருக்கும். கோடிக்கணக்கானோர் பார்க்கும் ஆண்கள் ஆட்டத்துக்கு விதிப் புத்தகம் தெரிந்தவரை அனுப்பும் கால்பந்து உலகம், பெண்பிள்ளைகளின் இறுதியாட்டத்துக்கு அதே அக்கறையைக் காட்டுவதில்லை என்பதே எங்கள் குற்றச்சாட்டு.

ஷூட் அவுட்டில் நின்றவர்களுக்குத் தெரியும் அது என்ன என்று. மைய வட்டத்தில் தோளோடு தோள் கோத்து நிற்கும் கூட்டத்திலிருந்து பிரிந்து, பெனால்டி ஸ்பாட் வரை தனியாக நடக்க வேண்டும். அந்தத் தூரம் ஏறக்குறைய நாற்பது மீட்டர்தான். ஆனால் தொண்ணூறு நிமிடம் ஓடிய காலுக்கு அப்போதுதான் நடுக்கம் வரும். தொண்டை வறளும். பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நாலடி எடுத்து வைக்கும்போது காலரியின் சத்தம் ஒரு கணம் காதிலேயே விழாது. பெனால்டிப் பயிற்சி அதிகம் இல்லாத பின்கள வீராங்கனை எட்டாவதாகவோ ஒன்பதாவதாகவோ போகும்போது, தன் முறை வராமலே முடிந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றவளாகத்தான் பெரும்பாலும் இருப்பாள். அப்படிப்பட்டவர்களும் அன்று நடந்து போய்க் கோல் அடித்தார்கள். அதுவரை எதிரணியின் உதைகளைத் தடுக்கும் வேலையில் இருந்த கோல் கீப்பர்களும் வந்து கோல் அடித்தார்கள். இந்த இருபத்திரண்டு நடையையும் ஒரு நாணயம் ஒன்றுமில்லாமல் ஆக்கியது என்பதுதான் எங்கள் ஆத்திரத்தின் காரணம்.

அதோடு விட்டார்களா என்றால் இல்லை. வென்றதாக அறிவித்து ஆனந்தக் கண்ணீர் விட வைத்த பெண்களிடம், இல்லை, திரும்ப வந்து உதையுங்கள் என்றார்கள். தோற்றதாக அறிவித்து அழ வைத்தவர்களைப் பனி மாத இரவில் மைதானத்திலேயே காத்திருக்க வைத்தார்கள். இந்திய அணி ஓடிவிட்டது என்று ஒரு தரப்பும், வங்கதேசப் பெண்கள் அழுது அடம்பிடித்துப் பட்டம் வாங்கினார்கள் என்று மறுதரப்பும் பேசுவதைக் கேட்கிறோம். இரண்டையும் கண்டிக்கிறோம். அதிகாரி சொன்ன முடிவை நம்பிக் கொண்டாடியது இந்தியப் பெண்களின் தவறு அல்ல. விதிக்கு மாறான முடிவை எதிர்த்து மைதானத்தை விட்டு அகல மறுத்தது வங்கதேசப் பெண்களின் தவறும் அல்ல. விதி தெரிந்தவர்களாக அன்று நடந்துகொண்டவர்கள் அவர்கள்தான்.

பாட்டில் எறிந்தவர்களை மன்னிக்க முடியாது. எதிரணியில் நின்றவர்கள் 19 வயதுக்குட்பட்ட பிள்ளைகள், விருந்தாளிகள். கோபம் நியாயமானதாகவே இருந்தாலும் அதை அவர்கள் தலைக்குக் குறிவைப்பது கோழைத்தனம். ஆனால் அந்தக் கோபத்தைக் கிளப்பிவிட்ட அதிகாரியும், கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டில் கோட்டை விட்டவர்களும் இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்களே. கூச்சல் எழுந்த பிறகு முடிவை மாற்றி, விதியை விடச் சத்தம் பெரிது என்ற பாடத்தை அன்று அந்தக் காலரிக்கு யார் கற்பித்தார்கள்?

கூட்டுச் சாம்பியன் என்ற அறிவிப்பைப் பெருந்தன்மை என்று சிலர் பாராட்டுகிறார்கள். எங்களால் முடியவில்லை. நிர்வாகத்தின் பிழையைப் பூசி மெழுக இரண்டு அணிகளின் கையிலும் பாதிப் பட்டத்தைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அந்தப் பெண்கள் கேட்டது பாதிப் பட்டம் அல்ல, இன்னும் ஓர் உதை.

இப்படி நிர்வாகத்தின் தவறுக்குப் பெண்கள் விலை கொடுப்பது இது முதல் முறையும் அல்ல. 2022 ஆகஸ்டில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பை ஃபிஃபா இடைநீக்கம் செய்தபோது, கோகுலம் கேரளா மகளிர் அணி ஆசிய கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் போய் இறங்கியிருந்தது. நிர்வாகச் சண்டைக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஓர் ஆட்டம்கூட ஆடாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பினார்கள். 2022 செப்டம்பரில் காத்மாண்டுவில் நேபாளத்தை 3-1 என்று வென்று முதல் முறையாக சாஃப் மகளிர் கோப்பையைக் கொண்டுவந்த வங்கதேச அணியைத் திறந்த பேருந்தில் ஊர்வலமாக அழைத்துப் போனார்கள். ஏழு மாதம்கூட ஆகவில்லை, மியான்மரில் நடந்த ஒலிம்பிக் தகுதிச்சுற்றுக்கு அனுப்பப் பணம் இல்லை என்று அதே அணியை வீட்டிலேயே இருத்தினார்கள். ஊர்வலத்துக்குப் பேருந்து கிடைக்கிறது, ஆடப் போக விமானச் சீட்டு கிடைப்பதில்லை.

அன்று சமன் கோல் அடித்த சாகரிகா, வங்கதேசத்தின் தாக்கூர்காவ் மாவட்டத்தின் ராணிசங்கைல் பகுதியிலிருந்து வந்தவர். அந்நாட்டின் வடமேற்கு ஓரத்து ஊர். தேநீர்க் கடை நடத்தும் குடும்பம். இந்தத் தொடரில் லீக் ஆட்டத்திலும் இந்தியாவுக்கு எதிராகக் கடைசி நேரத்தில் கோல் அடித்து வென்று கொடுத்தவர் அவரே. தெற்காசியாவின் பல பெண்கள் அணிகளில் இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வருபவர்கள் இருக்கிறார்கள். பொண்ணுக்கு எதுக்கு அரைக்கால் சட்டை என்று கேட்கும் ஊரைத் தாண்டி, மைதானத்துக்குப் போக வர பேருந்துக் காசைத் தேற்றி, தேசிய அணிச் சட்டையைப் போடும் இடம் வரை வந்துசேர்கிறார்கள். அவர்கள் வாழ்க்கையில் ஒரு சர்வதேச இறுதியாட்டம் இனி வரலாம், வராமலும் போகலாம். அதை நேர்மையாக நடத்தி முடிப்பது மட்டும்தான் நிர்வாகத்திடம் அவர்கள் எதிர்பார்த்தது.

ஆகவே, தெற்காசியக் கால்பந்துக் கூட்டமைப்பு இரு அணி வீராங்கனைகளிடமும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வலியுறுத்துகிறோம். அந்த ஆட்டம் பற்றிய ஆட்ட ஆணையரின் அறிக்கையும் நடுவரின் அறிக்கையும் வெளியிடப்பட வேண்டும். யார், எந்த விதியைக் காட்டி, டாஸ் போடச் சொன்னார் என்பது இரு நாட்டுப் பெண்களுக்கும் தெரிந்தாக வேண்டும். விசாரணை முடியும் வரை அந்த ஆணையரை எந்த வயதுப் பிரிவுப் போட்டிக்கும் நியமிக்கக் கூடாது. அவர் எந்த நாட்டவர் என்பதை வைத்து அந்த நாட்டையே ஏசுவதையும் நாங்கள் ஏற்கவில்லை. இது ஒரு தனிமனிதரின் தகுதியையும் அவரை நியமித்தவர்களின் பொறுப்பையும் பற்றிய கேள்வி. இனிவரும் இளையோர் மகளிர் போட்டிகளுக்கு நியமிக்கப்படும் ஆணையர்கள், நடுவர்கள் அனைவரும் தொடர் தொடங்கும் முன்பே விதித் தேர்வு எழுதித் தேறியவர்களாக இருக்க வேண்டும். வெற்றியாளரைத் தீர்மானிக்கும் முறை, ஷூட் அவுட்டின் கடைசிப் படி வரை, அணித் தலைவர்களுக்கு எழுத்தில் முன்கூட்டியே தரப்பட வேண்டும். பார்வையாளர் பகுதிக்கும் களத்துக்கும் இடையே போதிய தடுப்பும் பெண் காவலர்களும் இல்லாத மைதானத்தில் இளையோர் மகளிர் இறுதியாட்டம் நடத்தக் கூடாது.

இந்த அறிக்கையின் நகல்கள் டாக்காவிலுள்ள சாஃப் தலைமையகத்துக்கும், கோலாலம்பூரிலுள்ள ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும், இந்திய, வங்கதேசக் கால்பந்துக் கூட்டமைப்புகளுக்கும் அனுப்பப்படுகின்றன. உரிய பதில் வராவிட்டால், உறுப்பினர்களின் கையெழுத்துகளைத் திரட்டி அதே நான்கு அலுவலகங்களுக்கும் மறுபடி அனுப்புவோம்.

இப்படிக்கு,
சங்கத்தின் நிர்வாகக் குழுவினர்