எந்தத் துண்டு என்று சொல்லுங்கள்

பெற்றோர் புலனக் குழுவில் அண்மையில் ஒரு செய்தி சுற்றியது. குளிர் அணுக்கரு இணைவு மெய்யாகிவிட்டதாம். நம்மவர் அன்றே கண்டதை உலகம் மறைத்ததாம்! ஷா ஆலத்தில் என்னிடம் பயிலும் ஆறாம் ஆண்டு மாணவன் அதை அச்செடுத்து வந்து, "புத்தாக்கப் போட்டிக்கு இதைச் செய்யலாமா, ஐயா?" என்றான். அருகிலிருந்த ஆசிரியர் ஒருவர், "அது பித்தலாட்டம், போய் உட்கார்" என்றார். அனுப்பியவர், அடக்கியவர், இருவர்மீதும் எனக்குச் சினம் உண்டு.

1989 மார்ச் 23இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஃபிளைஷ்மனும் போன்சும், கனநீரில் பல்லேடியத்தை வைத்து மின்சாரம் செலுத்தியபோது அளவுக்கு மீறிய வெப்பம் கிடைத்ததாக அறிவித்தனர். கதிரவனின் நடுவில் ஏறத்தாழ 1.5 கோடி பாகை வெப்பத்தில் நிகழ்வது, கண்ணாடிக் குடுவைக்குள்! அதே ஆண்டில் மும்பை பாபா அணு ஆய்வு மையத்தில் பி.கே. ஐயங்கார், மகாதேவ சீனிவாசன் முதலியோர் நியூட்ரானும் டிரிட்டியமும் கண்டதாக அறிவித்தனர். 2011 பிப்ரவரியில் இத்துறையின் 16ஆவது பன்னாட்டு மாநாடு சென்னையிலேயே கூடியது. மாநாடு கூட்டியா மறைப்பார்கள்?

மறைக்கப்பட்டதாலன்று, மீண்டும் செய்தவர் பலருக்குக் கிடைக்காததால்தான் அது தள்ளப்பட்டது. ஆதரவாளர்கள் அதற்கு ஒரு விடை வைத்திருக்கின்றனர்: எல்லாப் பல்லேடியமும் ஒன்றன்று, உள்ளிருக்கும் நுண்விரிசல்களும் நானோமீட்டர் அளவுத் துகள்களுமே இணைவுக்கு இடம் தருகின்றன. (ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சமாகப் பகுத்தால் ஒரு பங்கே நானோமீட்டர்.) கருத்து அழகானது. பல்லேடியம் தன் பருமனைப்போல் ஏறத்தாழ 900 மடங்கு ஹைட்ரஜனை உறிஞ்சும். ஆயினும், அந்த உலோகத்துள் இரு டியூட்டிரிய அணுக்களுக்கு இடைப்பட்ட தொலைவு, டியூட்டிரிய வளிம மூலக்கூறில் உள்ளதைவிட மிகுதி! நெரிசல் என்று நாம் எண்ணுவது நெரிசலே அன்று. ஆகவேதான் அவர்கள் விரிசலைத் தேடுகின்றனர்.

தேடட்டும். ஆனால் எந்த விரிசல், எவ்வளவு அகலம், எந்தத் துண்டு வெப்பம் தரும் என்று முன்கூட்டியே சொல்லட்டும். வெப்பம் வந்தால் நல்ல துண்டு, வராவிட்டால் கெட்ட துண்டு என்பது கிளிசோதிடம். கூகுள் நிதியுதவியுடன் நடந்த ஆய்வு, 2019இல் குளிர் இணைவுக்குச் சான்று கிட்டவில்லை என்றே அறிவித்தது.

ஆனால் 'பித்தலாட்டம்' என்ற ஆசிரியரே, இதையும் கேளுங்கள். 2025 ஆகஸ்டில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார், டியூட்டிரிய அயனிகள் மோதும் பல்லேடியத்தில் மின்வேதி முறையால் மேலும் டியூட்டிரியத்தை ஏற்றியபோது இணைவு சராசரி 15 விழுக்காடு கூடியதாக நேச்சர் இதழில் எழுதினர். செலுத்திய ஆற்றலோ வெளிவந்ததைவிடப் பன்மடங்கு மிகுதி. இது குடுவைக் குளிர் இணைவும் அன்று. ஆயினும் உலோகத்தின் உள்நிலை இணைவைப் பாதிக்குமா என்பது நேர்மையான வினாவே. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதைக் கேட்டது குற்றமா?

மறுநாள் அவனை அழைத்தேன். ஒரே எடையில் கற்கண்டும் சீனியும் கொடுத்து, எது எத்தனை நிமிடம் முந்திக் கரையும் என்பதை முதலில் எழுதித் தரச் சொன்னேன். நீரைத் தொடுவது அதற்குப் பிறகுதான். மூன்று முறை அடித்துத் திருத்தி எழுதினான்.