கல் பதக்கம் செதுக்கி பிரிஞ்சாங்கில் பிழைக்க முடியுமா? ஒரு கணக்கு

பிரிஞ்சாங்: கேமரன் மலைக்கு வரும் சுற்றுப்பயணி வெறுங்கையோடு இறங்குவதில்லை. ஸ்ட்ராபெரி, சோளம், தேயிலைப் பொட்டலம் என்று ஏதாவது ஒன்று காரில் ஏறிவிடும். வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் கோல்டன் ஹில்ஸ் இரவுச் சந்தையில் நிற்க இடம் இருக்காது. மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டு 2026 என்ற அரசாங்கத்தின் இயக்கமும் இந்தக் கூட்டத்தை நம்பித்தான் நடக்கிறது.

இந்தக் கூட்டத்திடம் நம் தோட்டத்துப் பிள்ளைகள் எதை விற்கலாம்? நம் தாத்தா பாட்டி கொழுந்து பறித்த மலைச்சரிவில் இன்று பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நிற்கிறார்கள். எஸ்.பி.எம். முடித்த பிள்ளை ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ பஸ் ஏறுகிறது. வயதான பெற்றோரை விட்டு நகர முடியாதவர்களும், கைக்குழந்தை உள்ள பெண்களும் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய தொழிலைத் தேடுகிறார்கள். கல்லில் கையால் செதுக்கிய பதக்கம், தோடு, மணிக்கோவை ஆகியவை அப்படிப்பட்ட ஒரு தொழில். முதலீடு குறைவு, பொருளும் சிறியது. கைப்பையில் வைத்தே சந்தைக்குக் கொண்டு போகலாம்.

ஆனால் அது சோறு போடுமா? ஆசையை ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு மணி நேரத்தின் விலை

2025 பிப்ரவரி 1 முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். மணிக்கணக்கில் பார்த்தால் 8 ரிங்கிட் 72 சென். கைத்தொழில் செய்பவர் இந்தத் தொகைக்குக் கீழே தன் உழைப்பை மதிப்பிட்டால், தோட்டத்திலோ கடையிலோ வேலைக்குப் போவதே மேல்.

ஒரு பதக்கம் செதுக்கி மெருகேற்ற மூன்று மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். உழைப்பு மட்டும் 26 ரிங்கிட் 16 சென். கல், கயிறு, கொக்கி, தேயும் ஊசி ஆகியவற்றுக்கு 8 ரிங்கிட். பெட்டி, போக்குவரத்து, சந்தை இடம் என 6 ரிங்கிட். பத்தில் ஒன்று உடையும் என்பதையும் சேர்த்தால் ஏறத்தாழ 45 ரிங்கிட் வருகிறது.

பலர் மறந்துபோகும் செலவு இனிமேல்தான். சந்தையில் ஐந்து மணி நேரம் நிற்பதும் உழைப்புதான். அதற்கு 43 ரிங்கிட் 60 சென். அன்றிரவு நான்கு பதக்கம் விற்றால், ஒவ்வொன்றின் தலையிலும் இன்னொரு 11 ரிங்கிட் ஏறும். ஆக, நட்டமில்லாத விலை 56 ரிங்கிட்.

இந்த விலையில் மாதம் 1,700 ரிங்கிட் கையில் நிற்க, 46 பதக்கங்கள் விற்றாக வேண்டும். பன்னிரண்டு சந்தை இரவுகள், ஒவ்வோர் இரவும் நான்கு. மழை பெய்து கூட்டம் கலைந்த ஓர் இரவு போதும், கணக்கு சாய்ந்துவிடும். கேமரன் மலையில் மழையைப் பற்றி யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பத்து ரிங்கிட் வளையலோடு போட்டியா?

பக்கத்துக் கடையில் தொழிற்சாலை மணிகள் கோத்த வளையல் பத்து ரிங்கிட்டுக்குத் தொங்கினால், 56 ரிங்கிட் பதக்கத்தை யார் வாங்குவார்? இணையத்தில் அது இன்னும் மலிவு. 2024 ஜனவரி 1 முதல், இணையம் வழி வெளிநாட்டிலிருந்து வரும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதனால் ஐந்து ரிங்கிட் வளையல் ஐந்தரை ரிங்கிட் ஆகிறது, அவ்வளவுதான். வரி நம்மைக் காப்பாற்றாது.

விலையைக் குறைத்துப் போட்டியிடுவது தோற்கும் வழி. இரண்டும் ஒரே பொருள் அல்ல என்பதை வாங்குபவர் பார்த்தவுடன் உணர வேண்டும். செதுக்கியவர் பெயர், கல்லின் பெயர், செய்த ஊர் ஆகிய மூன்றும் பதக்கத்தோடு இணைத்த சிறு அட்டையில் இருக்கட்டும். தேயிலைக் கொழுந்தின் இரண்டு இலையும் ஒரு மொட்டும் கல்லில் வந்தால், அது பிரிஞ்சாங்கின் பொருள். அதே வடிவம் வேறொரு சுற்றுலாத் தலத்தில் அந்நியமாகத் தெரியும்.

கல்லின் பெயரில் பொய் இருக்கக் கூடாது. ஹௌலைட் என்ற வெள்ளைக் கல்லுக்கு நீலச் சாயம் ஏற்றி டர்க்காய்ஸ் என்று விற்பதும், கண்ணாடியை வைடூரியம் என்பதும் உலகம் முழுவதும் நடக்கும் வேலை. நம் நாட்டில் 2011-ஆம் ஆண்டின் வாணிப விளக்கச் சட்டப்படி, பொருளைப் பற்றிப் பொய்யான விளக்கம் தருவது குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கையால் செய்து விற்பவருக்கு இருக்கும் ஒரே மூலதனம் நம்பிக்கை. அதையும் இழந்தால் பத்து ரிங்கிட் வளையலுக்கும் அவர் பொருளுக்கும் வேறுபாடு இல்லை.

எந்தக் கல், எப்படிப்பட்ட தூசி?

புதிதாகத் தொடங்குபவருக்கு மாக்கல் எளிது. கத்திக்கே மசியும், ஆனால் சீக்கிரம் கீறல் விழும். அகேட் போன்ற கற்கள் எஃகைவிடக் கடினமானவை. வைரத்தூள் பதித்த ஊசியும் பொறுமையும் வேண்டும். மலையில் கிடக்கும் கல்லையே எடுத்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். இங்குள்ள பாறை பெரும்பாலும் கருங்கல். அதன் பருமணி நுண்ணிய வேலைக்கு ஒத்துவராது. அதோடு, தேசிய நிலச் சட்டத்தின்படி பாறைப் பொருளை எடுத்துச் செல்ல நில அலுவலகத்தின் அனுமதியும் வேண்டும்.

ஆபத்து தூசியில் இருக்கிறது. இந்தியாவின் குஜராத் மாநிலத்தில் உள்ள கம்பாத் நகரம் அகேட் மணிகளுக்கு நூற்றாண்டுகளாகப் பெயர் பெற்றது. அங்கே வீட்டிலேயே கல்லை உலர்வாகத் தீட்டிய பலர் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய்க்கு ஆளானார்கள். உள்ளே போய்ப் படிந்த நுண்தூசி வெளியே வராது. அந்நோய்க்குக் குணப்படுத்தும் மருந்தும் இல்லை. தீட்டுபவருக்கு மட்டுமன்றி அதே கூரையின் கீழ் வாழும் குடும்பத்துக்கும் அது ஆபத்து.

லயத்து வீட்டின் பின்கட்டில் இந்த வேலையைத் தொடங்க நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. கல்லை நீர் சொட்டிக்கொண்டே இருக்கும்படி வைத்துத்தான் அறுக்கவும் தீட்டவும் வேண்டும். தூசியை உலர்ந்த விளக்குமாறால் கூட்டக் கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும். என்95 முகக்கவசம் கட்டாயம். குழந்தைகள் தூங்கும் அறையில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

தனி ஆளின் தொழிலாக இருந்ததில்லை

கல்லும் மணியும் நமக்குப் புதியவை அல்ல. பதிற்றுப்பத்து புகழும் கொடுமணம், இன்றைய ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணல். அங்கே நடந்த அகழாய்வுகளில் அறுத்தது, தேய்த்தது, துளை போட்டது, பாதியில் விட்டது எனப் பல கட்டங்களில் மணிக்கற்கள் கிடைத்தன. நம் பேராக் மாநிலத்தின் கோலா செலின்சிங்கிலும் பழங்கால மணிகள் ஏராளம். தென் தாய்லாந்தின் குலோங் தோம் என்ற இடத்தில் கிடைத்த பொற்கொல்லரின் உரைகல்லில், 'பெரும்பதன் கல்' என்று தமிழ் பிராமி எழுத்தில் பொறித்திருக்கிறது. காலம் கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டு. தன் கருவியில் தன் பெயரை எழுதி வைத்த அந்தத் தொழிலாளி இத்தீபகற்பத்துக்கு வந்து போன நம்மவர்.

இதில் பெருமைப்படுவதோடு நிற்காமல் பாடமும் எடுக்கலாம். இவை பலர் சேர்ந்து உழைத்த ஊர்கள். மாமல்லபுரத்தையே பாருங்கள். 1957-இல் அங்கே சிற்பப் பயிற்சிக்கென அரசு நிறுவனம் வந்தது. 2017-இல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தனிச்சிற்பியின் திறமைக்குப் பின்னால் பள்ளியும் ஊர்ப்பெயரும் நின்றன.

பிரிஞ்சாங்கில் ஒருவர் மட்டும் செதுக்கி, அவரே விற்று, அவரே கணக்கெழுதினால் நாம் மேலே பார்த்த 46 பதக்கக் கணக்கில்தான் மூச்சுத் திணறுவார். ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒரே கடை இடம் எடுத்து, முறைவைத்து நின்றால் ஒருவர் சந்தையில் நிற்கும் நேரம் வெகுவாகக் குறையும். அறுக்கும் கருவியும் ஒன்று போதும். நீர் வசதியுள்ள ஒரு பொதுக் கொட்டகை இருந்தால் தூசியும் வீட்டுக்குள் வராது.

காகித வேலை

தொழில் தொடங்கி 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம். பதிவு வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60. சந்தையில் விற்க மாவட்ட மன்றத்தின் உரிமம் வேண்டும். கைவினைஞர்களுக்கு வழிகாட்டக் கிராஃப்தாங்கான் மலேசியா இருக்கிறது. சுயதொழில் செய்பவருக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. தூசியோடு வேலை செய்பவர்கள் அதில் சேர்வது நல்லது.

கடனுக்குத் தெக்குனின் ஸ்பூமி திட்டமும், இந்தியப் பெண்களுக்காக அமானா இக்தியாரின் 'பெண்' திட்டமும் உள்ளன. ஆனால் கடன் முதல் படி அல்ல. முதல் ஐம்பது பதக்கங்களைச் சொந்தக் காசில் செய்து, முன்பின் தெரியாதவர்களிடம் விற்றுப் பாருங்கள். உறவினர் வாங்குவது சந்தை ஆகாது. ஐம்பதும் விற்றபின் கடன் மனு எழுதினால் கையில் காட்டுவதற்குக் கணக்கு இருக்கும்.

அப்படியானால் முடியுமா?

முதல் ஆண்டில் இதை மட்டும் நம்பி ஒரு குடும்பம் வாழ முடியாது. வீட்டின் இரண்டாவது வருமானமாக, மாதம் பதினைந்து இருபது பதக்கம் என்ற அளவில் முடியும். அந்த வருமானமே ஒரு தாயை மலையில் பிள்ளைகளோடு தங்க வைக்கப் போதுமானதாக இருக்கலாம்.

மற்றவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. சுற்றுப்பயணிகள் தேநீர் அருந்தவரும் தோட்ட நிலையங்களில், அந்தத் தோட்டத்துக் குடும்பங்களின் கைப்பொருளுக்கு ஓர் அலமாரி ஒதுக்கலாம். கையால் செய்த பொருளுக்கென இரவுச் சந்தையில் மழை படாத நான்கு கடை இடங்களை மாவட்ட மன்றம் ஒதுக்கலாம். இவை பெரிய மானியம் கேட்கும் கோரிக்கைகள் அல்ல. தேயிலை விற்கும் மலையில், தேயிலை வளர்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் தங்கள் பெயரில் ஒரு பொருளை விற்க இடம் கேட்கிறார்கள்.