குரல் தெரியும், பேர் தெரியாது

திருவேற்காட்டில் ஆடி பிறந்ததைக் காலண்டர் சொல்ல வேண்டியதில்லை. விடிந்தும் விடியாத நேரத்தில், தெருமுனையில் வேப்பிலைத் தோரணத்துக்கு மேலே கட்டிய குழாய் ஸ்பீக்கர் சொல்லிவிடும். முதல் பாட்டு பெரும்பாலும் ‘கற்பூர நாயகியே’தான். எங்கள் ஊர்த் தாயைக் கருமாரி என்று பேர் சொல்லி அழைக்கிற பாட்டு அது. அடுத்தது ‘செல்லாத்தா’. கூழ் அண்டாவைச் சுற்றி நிற்கிறவர்கள், பால்குடம் எடுக்க மஞ்சள் புடவையில் கிளம்புகிறவர்கள், வேலப்பன்சாவடியில் இறங்கி ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிற வெளியூர்க்காரர்கள், எல்லாருடைய காலையும் அந்தக் குரலில்தான் தொடங்குகிறது.

அந்தக் குரல் யாருடையது என்று நாம் கேட்டதில்லை. யாராவது சின்னப் பிள்ளை கேட்டாலும் ‘அது அம்மன் பாட்டுடா’ என்போம். யார் என்று கேட்டால் என்ன பாட்டு என்று பதில் சொல்லியே இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டோம்.

பாடியவர் எல்.ஆர். ஈஸ்வரி. 1939இல் பிறந்தவர். லூர்து மேரி ராஜேஸ்வரி என்பது முழுப் பேர், கத்தோலிக்கக் குடும்பம். அம்மா நிர்மலா ஜெமினி ஸ்டுடியோவில் கோரஸ் பாடியவர். மகளும் கோரஸ் பாடத்தான் போனார். 1954இல் வந்த ‘மனோகரா’வில் கூட்டத்தில் ஒரு குரல். 1958இல் ‘நல்ல இடத்து சம்பந்தம்’ படத்தில் கே.வி. மகாதேவன் தனியாகப் பாடவைத்தார். 1961இல் ‘பாசமலர்’ வந்தது. அதற்குப் பிறகு ‘வாராயென் தோழி’ இல்லாமல் தமிழ்நாட்டில் மணப்பெண் மேடைக்கு நடந்ததில்லை என்றே சொல்லலாம்.

ஒரு கிறிஸ்தவப் பெண் பாட, நாம் அம்மனுக்கு முன்னால் அருள் வந்து ஆடுகிறோம் என்பதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. எவ்வளவு பரந்த மனசு நம்முடையது என்று நானும் நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். யோசித்தால் அது பரந்த மனசால் மட்டும் வந்ததில்லை. பாடுவது யாரென்று கேட்கிற அக்கறை இல்லாததாலும் வந்தது. கேட்டு, தெரிந்துகொண்டு, தெரிந்த பிறகும் கைகூப்பியிருந்தால் அந்தப் பெருமை நமக்குச் சேரும். பெரும்பாலானவர்கள் கேட்கவே இல்லை.

சினிமாவில் நாம் செய்தது இன்னொரு விதம். அங்கே பேர் தெரிந்திருந்தது. தெரிந்தே ஒரு மூலையில் உட்காரவைத்தோம். கதாநாயகிக்குச் சுசீலா, கிளப் டான்ஸுக்கு ஈஸ்வரி என்று இசையமைப்பாளர்கள் பிரித்துவிட்டார்கள் என்று சொல்வது சுலபம். அந்தப் பிரிவினையை அப்படியே ஏற்றுக்கொண்டவர்கள் நாம். ‘கறுப்புப் பணம்’ படத்தின் ‘ஆடவரெல்லாம்’ ரேடியோவில் வந்தால், வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்களே என்று எழுந்துபோய்ச் சத்தத்தைக் குறைத்தது நம்முடைய கை. அதே கை, யாரும் இல்லாதபோது சத்தத்தைக் கூட்டவும் செய்தது. ‘பணமா பாசமா’வின் ‘எலந்தப் பயம்’ திருவிழாக்களில் நமக்கு வேண்டும். ஆனால் நல்ல பாட்டு எது என்று பட்டியல் போட்டால் அது வராது. ‘சிவந்த மண்’ணில் சாட்டை சுழலச் சுழல ‘பட்டத்து ராணி’ பாட்டில் அவர் குரல் காட்டுகிற வலியையும் வீம்பையும் இன்றைக்கு ஒரு தேர்ந்த பாடகியைப் பாடச் சொன்னால்தான் அதன் கஷ்டம் தெரியும். நாம் அதை ‘செம பாட்டு’ என்று சொல்லிவிட்டு நகர்ந்தோம்.

1972இல் ‘வெள்ளி விழா’. வி. குமார் இசை. ‘காதோடுதான்’ பாட்டை ஈஸ்வரி அம்மா பாடியிருக்கிற விதத்தைக் கேளுங்கள். எங்கேயும் குரலை உயர்த்தவில்லை. தூங்கும் குழந்தை விழித்துவிடக் கூடாது என்கிற பதற்றம் ஒவ்வொரு எழுத்திலும் இருக்கிறது. ஊரையே எழுப்பும் அதே தொண்டைதான் இப்படியும் பாடியிருக்கிறது. இரவு எஃப்எம்மில் இந்தப் பாட்டு வரும்போது ‘சுசீலாம்மா குரலே தனி’ என்று சொல்கிறவர்கள் நம்மில் இன்றும் இருக்கிறார்கள். மென்மை என்றால் அது ஈஸ்வரியாக இருக்காது என்று நாம் முடிவுகட்டி வைத்திருந்ததுதான் காரணம்.

எழுபதுகளின் பிற்பகுதியில் சினிமா வாய்ப்புகள் குறைந்தன. புதிய இசை வந்தது, புதிய குரல்கள் வந்தன. அதில் குறைசொல்ல எதுவும் இல்லை. மேடைக் கச்சேரிகளும் பக்திப் பாடல்களும் அவருக்கு மிஞ்சின. அந்தப் பக்திப் பாடல்களை நாம் எப்படி வைத்துக்கொண்டோம்? கடையில் ஒரு காலி கேசட்டைக் கொடுத்து வேண்டிய பாட்டெல்லாம் பதிந்து வாங்கினோம். அப்புறம் எம்பி3 சிடி. உறையில் அம்மன் படம், நூறு பாட்டு, பாடியவர் பேர் கிடையாது. இப்போது சவுண்டு சர்வீஸ்காரரின் பென்டிரைவ். பாட்டு கைமாறக் கைமாற முதலில் உதிர்ந்தது பேர்தான். ஒரிஜினல் வாங்கலாமே என்று எந்த விழாக் கமிட்டியிலும் யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. கமிட்டிக் கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். சீரியல் செட் எத்தனை அடி, பேனரில் யார் படம் எந்த வரிசையில் என்பதற்கெல்லாம் மணிக்கணக்கில் பேசியிருக்கிறோம்.

இதில் சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாட்டை வியாபாரமாகப் பயன்படுத்தினால் பாடியவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்றார்கள். மறுவருஷம் பாடகர்களுக்கென்று தனியாக ஒரு உரிமைச் சங்கமும் பதிவானது. ஆனால் மதச் சடங்குகளில் பாட்டுப் போடுவதற்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் அந்த விலக்கில் அடக்கம். சரியான ஏற்பாடுதான், கூழ் ஊற்றுகிற தெருவிடம் யார் போய்க் கட்டணம் கேட்பது? ஆனால் ஈஸ்வரி அம்மாவின் குரல் அதிகமாக ஒலிக்கிற இரண்டு இடங்களும் இவைதான்: ஆடிப் பந்தல், கல்யாண மண்டபம். சட்டப்படி நாம் அவருக்கு ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை. அதனாலேயே அந்தக் கடனை நாமாக நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். வேறு யாரும் நினைவூட்டப் போவதில்லை.

இப்படி இருந்தபோதுதான் 2011 முடிகிற சமயத்தில் ‘கலாசலா’ வந்தது. சிம்பு நடித்த ‘ஒஸ்தி’ படம், தமன் இசை, வாலி எழுதியது, கூடப் பாடியவர் டி. ராஜேந்தர். ஈஸ்வரி அம்மாவுக்கு வயசு எழுபதைத் தாண்டியிருந்தது. ‘கொலவெறி’ வந்த அதே பருவம். ஒரு பாட்டைக் கையிலிருந்து கைக்குத் தள்ளி ஊர் உலகமெல்லாம் கொண்டுபோக முடியும் என்று நாம் கற்றுக்கொண்ட நேரம். ‘கலாசலா’வையும் அப்படித்தான் தூக்கிச் சுமந்தோம். காலர் ட்யூன் வைத்தோம். ப்ளூடூத்தில் போனுக்குப் போன் அனுப்பினோம். கல்லூரிக் கல்ச்சுரல்ஸில் ஆடினார்கள், பூந்தமல்லி ஷேர் ஆட்டோக்களில் அதிர்ந்தது. ‘இந்த வயசுல என்னா குரல்ப்பா!’ என்றோம். ‘நம்ம செல்லாத்தா பாடினவங்களாம்’ என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். சந்தோஷமாகத்தான் இருந்தது, அந்தச் சந்தோஷம் பொய்யும் இல்லை.

ஆனால் அன்றைக்கு நாம் பரப்பியது எல்.ஆர். ஈஸ்வரியை என்று சொல்ல எனக்கு இப்போது துணிவில்லை. நாம் பரப்பியது ஒரு ஆச்சரியத்தை. எழுபது வயசு அம்மா ஒருவர் குத்துப்பாட்டுப் பாடுகிறார் என்கிற ஆச்சரியம். அது தீர்ந்ததும் நம் ஆர்வமும் தீர்ந்தது. அடுத்து என்ன பாடுகிறார் என்று தேடினோமா? பழைய படப்பாடல்களை ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்டோமா? ‘கலாசலா’ ஸ்டெப் போட்ட பிள்ளைகளுக்குப் ‘பளிங்கினால் ஒரு மாளிகை’யைக் கேட்கக் கொடுத்தோமா? எதுவும் செய்யவில்லை. ஒரு பாட்டை ஃபார்வர்ட் செய்ய ஒரு விரல் போதும். அதையே பெரிய மரியாதையாக நினைத்துக்கொண்டு, ஆளை மறுபடியும் ஆடி மாதத்துக்கு அனுப்பிவிட்டோம்.

ஒன்பது வருஷம் கழித்து இன்னொரு முறை வாய்ப்பு வந்தது. 2020 ஆடியில் கொரோனாவால் பெரிய கோயில்களெல்லாம் மூடியிருந்தன; கருமாரியம்மன் கோயில் வாசலில் கூட்டமே இல்லாத ஆடியை எங்கள் தலைமுறை அப்போதுதான் பார்த்தது. அந்தத் தீபாவளிக்கு ‘மூக்குத்தி அம்மன்’ ஓடிடியில் வந்தது. கிரிஷ் கோபாலகிருஷ்ணன் இசையில் ‘ஆடிக் குத்து’. பாடியவர் அதே ஈஸ்வரி அம்மா, எண்பது வயசில். தவறிப்போன ஆடி வீட்டுக்குள் வந்துவிட்டது போல இருந்தது. மறுபடியும் ஸ்டேட்டஸ் வைத்தோம், மறுபடியும் ‘என்னா குரல்’ என்றோம், தை பிறப்பதற்குள் மறந்தோம்.

அந்த வருஷம் செப்டம்பரில்தான் எஸ்.பி.பி. போனார். எவ்வளவு அழுதோம்! அவர் வாழ்ந்தபோதும் கொண்டாடினோம் என்பதால் அந்த அழுகையில் குற்றவுணர்வு குறைவு. சுவர்ணலதாவுக்கு அப்படிச் சொல்ல முடியாது. ‘கருத்தம்மா’ பாட்டுக்குத் தேசிய விருது வாங்கியவர், 2010இல் முப்பத்தேழு வயசில் மறைந்தார். அவருடைய பாட்டுகளுக்குக் கீழே இன்று நாம் எழுதுகிற உருக்கமான வரிகளில் பத்தில் ஒன்றாவது அவர் இருந்தபோது யாராவது சொல்லியிருந்தால், கேட்டுச் சிரித்திருப்பார். 2023இல் வாணி ஜெயராமுக்குப் பத்மபூஷண் அறிவித்த சில நாட்களிலேயே அவர் இறந்துபோனார். இரங்கல் எழுத நாம் தாமதிப்பதே இல்லை.

கியூபாவில் இப்ராஹிம் ஃபெரர் என்றொரு பாடகர் இருந்தார். வயசான காலத்தில் பாட்டை விட்டு, ஷூ பாலிஷ் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தவரை அழைத்துவந்து 1997இல் வெளிவந்த ‘புவேனா விஸ்டா சோஷியல் கிளப்’ ஆல்பத்தில் பாடவைத்தார்கள். உலகம் வியந்தது. அங்கே நடந்த வித்தியாசம், கேட்டவர்கள் வியப்போடு நிற்கவில்லை. டிக்கெட் வாங்கி அவர் கச்சேரிக்குப் போனார்கள், 1999இல் அவருடைய தனி ஆல்பம் வந்தபோது அதையும் வாங்கினார்கள். 2000இல் எழுபத்துமூன்று வயசில் லத்தீன் கிராமியின் ‘சிறந்த புதுமுகம்’ விருது அவருக்குக் கிடைத்தது. 2003இல் அடுத்த ஆல்பம். ஒரு பாட்டோடு விடவில்லை என்பதுதான் அந்த ரசிகர்கள் செய்த ஒரே காரியம். நம்மால் ஆகாத காரியமா அது?

ஈஸ்வரி அம்மா எண்பதைக் கடந்துவிட்டார். நம்மோடு இருக்கிறார் என்பதே நமக்குக் கிடைத்த பெரிய சலுகை. என்ன செய்யலாம் என்று தெருவில் பேச ஆரம்பித்திருக்கிறோம். பெரிய விழா எடுத்து, சால்வை போட்டு, மேடை முழுக்க நாமே நின்று போட்டோ எடுத்துக்கொள்கிற யோசனை ஒன்று உடனே வந்தது. அது வேண்டாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பழைய தலைமுறைக்குப் பாடகர் பேர் தெரிந்திருந்ததற்கு இலங்கை வானொலி ஒரு முக்கியக் காரணம். ஒவ்வொரு பாட்டுக்கும் படம், பாடியவர் என்று அறிவிப்பாளர்கள் சலிக்காமல் சொன்னார்கள். கேட்டுக் கேட்டே மனப்பாடமானது. நம் பந்தலில் மைக் இருக்கிறது. காணாமல் போன குழந்தையின் பேர், நூற்றியொரு ரூபாய் தந்தவரின் பேர் எல்லாம் அதில் சொல்கிறோம். பாடியவர் எல்.ஆர். ஈஸ்வரி என்று சொல்ல இரண்டு விநாடி ஆகும். பென்டிரைவில் இருப்பதற்குப் பதில் உரிமை பெற்ற பதிவுகளை வாங்கிப் போடலாம். அம்மன் பாட்டு ஓய்கிற மதிய நேரத்தில் அவருடைய சினிமாப் பாட்டுகளையும் போடலாம். கோயில் பந்தலில் ‘ஆடவரெல்லாம்’ வேண்டாம் என்றால் ‘காதோடுதான்’ போடலாமே.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஆடி வெள்ளிகளில் தெருவுக்கு வருகிற மெல்லிசைக் குழுக்களில் ஈஸ்வரி பாட்டைப் பாட ஒரு பெண் கட்டாயம் இருப்பார். மூன்று மணி நேரம், தொண்டை கிழிய, அதே சுருதியில். சினிமாவில் பேர் வராத குரல், யாரும் கேட்டு வைத்துக்கொள்ளாத பேர். பேசிய தொகையை ராத்திரி மேடைக்குப் பின்னால் வைத்துக் குறைக்கிறோம்: வசூல் சரியில்லை, அடுத்த வருஷம் பார்த்துச் செய்கிறோம் என்று. சாப்பாடும் ஆறிப்போயிருக்கும். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஒருவரிடம் செய்ததை இன்றைக்கு இன்னொருவரிடம் செய்துகொண்டிருக்கிறோம். அவரிடம் இப்போதே சரியாக நடந்துகொள்ள முடியும்.

இந்த வருஷம் கச்சேரி பேசும்போது பாட வருகிறவர்களுக்கு முழுப்பணத்தையும் மேடை ஏறுவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும், நோட்டீஸில் அவர்கள் பேரும் போட வேண்டும் என்று நாலைந்து பேர் சொல்லியிருக்கிறோம். பேனர் செலவைக் குறைத்தால் கணக்கு சரியாக வரும். மற்றவர்கள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் உட்கார்ந்து பேசுவதாக இருக்கிறோம்.