சுருங்கிய தூரமும் தொலைந்த நிதானமும்

தூரமும் காலமும் ஒன்றோடொன்று பிணைந்திருந்த உலகில் வாழ்ந்தவர்கள் நாம். மத்திய கிழக்கிலிருந்து எழுதப்பட்ட கடிதம் மட்டக்களப்புக்கோ மன்னாருக்கோ வந்துசேர வாரக்கணக்கில் காத்திருந்த காலம் அது. கையடக்கத் தொலைபேசியும் இணையமும் அந்தப் பிணைப்பை அறுத்துவிட்டன. கனடாவிலுள்ள மகன் யாழ்ப்பாணத்துத் தாயின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறான். கட்டாரில் தொழில் புரியும் தந்தை சம்மாந்துறையிலுள்ள தம் பிள்ளையின் பாடசாலைக் கதைகளை அன்றன்றே கேட்டறிகிறார். போரினாலும் வறுமையினாலும் சிதறிய குடும்பங்களுக்கு இது பெரும் ஆறுதல் என்பதை எவரும் மறுப்பதற்கில்லை.

ஆயினும் தூரம் மனிதரைப் பிரிக்கும் தடையாக மட்டும் இருந்ததில்லை. சில வேளைகளில் காப்பரணாகவும் இருந்தது. ஓர் ஊரின் சச்சரவு அடுத்த ஊரை எட்டுவதற்குள் உண்மையும் அங்கு போய்ச்சேர ஓரளவேனும் அவகாசம் கிடைத்தது. அந்த அவகாசம் இன்று இல்லாமற் போயுள்ளமையே நமது கவலைக்குரிய விடயமாகும்.

1915 மே 28 ஆம் திகதி கண்டியில் ஆரம்பித்த முஸ்லிம் விரோதக் கலவரம் கொழும்பை எட்டுவதற்குச் சில நாட்கள் சென்றன. 1983 ஜூலை 23 இரவு திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டதன் எதிரொலி மறுநாள் இரவே பொரளையில் வன்முறையாக வெடித்தது. வெறுப்புக்கும் வதந்திக்கும் இணையம் ஒருபோதும் தேவைப்பட்டதில்லை என்பதற்கு இவையே சான்று. எனவே தொழில்நுட்பத்தின் மீது முழுப்பழியையும் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. ஆனால், தீ பரவும் வேகத்தை அது எவ்வாறு மாற்றியுள்ளது என்பதை ஆராயாமலிருக்கவும் முடியாது.

2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையிலுள்ள முஸ்லிம் உணவகமொன்றில் உணவில் கருத்தடை மாத்திரை கலக்கப்படுவதாக எழுந்த கட்டுக்கதை, காணொளியாகி நாடெங்கும் பரவியது. அந்தச் சூடு தணியுமுன், தெல்தெனியவில் தாக்கப்பட்ட சாரதியொருவர் மரணமானதைத் தொடர்ந்து திகனயிலும் சுற்றுப்புறங்களிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. 2019 மே மாதம் சிலாபத்தில், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு முகநூல் குறிப்பு பிழையாக விளங்கிக்கொள்ளப்பட்டது. மறுநாளே குளியாப்பிட்டி, மினுவாங்கொடை ஆகிய இடங்கள் எரிந்தன. அக்குறிப்பை எழுதியவரை அவ்விடங்களில் எத்தனை பேர் அறிந்திருப்பர்? அறிமுகமற்ற ஒருவரின் ஒரு வரிக்கு, அவரை ஒருபோதும் கண்டிராத ஊரவர்கள் தண்டனை அனுபவித்தனர்.

இடம் மட்டுமன்றிக் காலமும் குழம்பியுள்ளது. பத்து வருடங்களுக்கு முந்திய படமொன்று இன்று நடந்ததாகத் திரையில் தோன்றுகிறது. வேறொரு நாட்டின் இரத்தக் காட்சி நமது கிராமத்தினதாகக் காட்டப்படுகிறது. செயற்கை நுண்ணறிவின் வருகைக்குப் பின்னர் நடவாத சம்பவத்துக்கே படம் உருவாக்கிவிடலாம். 1990 ஆம் ஆண்டின் காயங்களைச் சுமந்து நிற்கும் வடக்கு, கிழக்கின் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இது சாதாரண விடயமல்ல. காலம் ஆற்ற வேண்டிய புண்ணைத் திகதியற்ற ஒரு காணொளி நொடியில் கீறிவிடக் கூடும்.

இதற்கு ஆட்சியாளர் கண்ட மருந்து, வழியையே அடைப்பதாகும். 2018 மார்ச்சிலும் 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பின்னரும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி, அரசுக்கெதிரான மக்கள் எதிர்ப்பின்போதும் அதே கருவி கையிலெடுக்கப்பட்டது. வதந்தியைத் தடுப்பதாகக் கூறி மூடப்பட்ட கதவு, உறவினரின் நலம் விசாரிக்கத் துடித்தவருக்கும் மூடப்பட்டது. 2024 ஜனவரியில் நிறைவேற்றப்பட்ட நிகழ்நிலைக் காப்புச் சட்டம், விமர்சனக் குரலை நசுக்கவே பயன்படும் என்ற அச்சத்தையும் உண்டுபண்ணியது. கண்டி வன்முறையில் தனது தளத்துக்கிருந்த பங்குக்காக பேஸ்புக் நிறுவனம் 2020 இல் மன்னிப்புக் கோரியது. இரண்டு வருடங்கள் கழித்து வந்த அந்த வார்த்தை எரிந்த கடைகளை மீட்டுத் தரவில்லை.

வதந்தி நிமிடங்களில் ஓடுகிறது. பொலிஸ் அறிக்கை மணித்தியாலங்களில் வருகிறது. நீதி வருடக்கணக்கில் இழுபடுகிறது. ஆபத்து இந்த இடைவெளியிலேயே தங்கியுள்ளது. சம்பவம் நடந்தவுடனேயே மும்மொழிகளிலும் உண்மையை அறிவிப்பதும், தாக்குதல் நடத்துவோரை இனம் பாராது உடனடியாகக் கைதுசெய்வதும் அரசின் கடமையாகும். தாம் இலாபம் ஈட்டும் நாட்டின் மொழிகளை அறிந்த போதிய ஆளணியை வைத்திருப்பது நிறுவனங்களின் கடமையாகும்.

எஞ்சியிருப்பது நமது கடமை. தொலைந்துபோன அவகாசத்தை இயந்திரம் நமக்குத் திருப்பித் தரப்போவதில்லை. அதை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். வந்த செய்தியை அனுப்பு முன், அது எங்கே, எப்போது நடந்தது என்ற இரு கேள்விகளையேனும் கேட்போம். அயலிலுள்ள மற்றைய சமூகத்தவர் ஒருவரிடம் நேரில் விசாரித்தறியும் வழக்கம் கோயில், பள்ளிவாசல் நிர்வாகங்களிடையே அமைதிக் காலத்திலேயே வேரூன்ற வேண்டும். கடல் கடந்தவரின் முகத்தைக் காட்டும் கருவி, வேலிக்கு அப்பாலுள்ளவரின் முகத்தை மறைத்துவிடுவதற்கு நாம் இடமளிக்கலாகாது.